புத்தகத்தைக் கண்டால் ஓடும் பிள்ளைகளுக்குக் குறும்புக் கதைகள்

மூன்றாம் வகுப்புப் பையன். பாடத்தை எப்படியோ படித்துவிடுகிறான். கதைப் புத்தகம் கொடுத்தால் அட்டையைப் பார்த்துவிட்டு மூலையில் போட்டுவிடுகிறான். நீதிக் கதைகள், தலைவர்கள் வரலாறு என்று அலமாரி நிறைய வாங்கி வைத்திருக்கிறேன். – ஒரு தந்தை, பாலக்கோடு

அலமாரியில் இருப்பதைச் சொன்னீர்கள், காரணம் புரிந்துவிட்டது. பள்ளியில் நாள் முழுக்க ‘இப்படி இரு, அப்படி இருக்காதே’ என்று கேட்டுவிட்டு வருகிறான். வீட்டில் புத்தகமும் அதையே சொன்னால் எதற்குத் திறப்பான்? கொஞ்ச நாளைக்கு அந்த அலமாரியை மறந்துவிடுங்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது பரமார்த்த குரு கதை. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதியது. குருவுக்கு ஐந்து சீடர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். பெயர்களை வரிசையாகச் சொன்னாலே பாதிப் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறார்கள். சுர்ரென்று புகை வந்ததும், ஆறு முழித்துக்கொண்டிருக்கிறது என்று பயந்து ஓடி வருகிறார்கள். ஒருவழியாகக் கடந்த பிறகு தலையை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவர் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறார். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லோரும் ஒப்பாரி வைக்கிறார்கள். அப்புறம் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இதில் குறும்பு செய்கிறவர்கள் சிறுவர்கள் இல்லை, அசட்டுப் பெரியவர்கள். படிக்கிற எட்டு வயதுக்காரன் கதையில் வருகிற அத்தனை பேரையும்விடப் புத்திசாலியாகிவிடுகிறான். வகுப்பில் எழுத்துக்கூட்டித் தடுமாறுகிறவனுக்கு அந்தச் சுகம் அடிக்கடி கிடைப்பதில்லை.

முதல் சில நாள் நீங்களே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பூசணிக்காய் விழுந்து உடைந்து, புதரிலிருந்து முயல் பாய்ந்து ஓடுகிற இடம் வந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போங்கள். சீக்கிரம் திரும்பி வர வேண்டாம். வாங்கும்போது மட்டும் ஒரு பக்கத்தைக் கடையிலேயே படித்துப் பாருங்கள். சில பதிப்புகளில் பழைய நடை அப்படியே இருக்கும், சிறுவர்களுக்கு ஓடாது.

என் மகன் ஏற்கெனவே வாய் கூசாமல் பொய் சொல்கிறான். தெனாலிராமன் அரசரையே ஏமாற்றுகிறான். இதையெல்லாம் படித்தால் இன்னும் கெட்டுப்போக மாட்டானா? – ஒரு தாய், அரூர்

பொய் சொல்வதற்குத் தெனாலிராமன் வரும்வரை எந்தப் பிள்ளையும் காத்திருப்பதில்லை. கொதிக்கிற பாலை வைத்துப் பூனையைப் பயமுறுத்திய கதையைப் படித்துவிட்டு அவன் பூனை தேடிப் போகவும் மாட்டான். கதையில் நடப்பதைக் கதையாகப் பார்க்கிற அறிவு பிள்ளைகளுக்கு நாம் நினைப்பதைவிட அதிகம். எனக்கு நெருடுவது வேறு. சில தெனாலிராமன் தொகுப்புகளில் நிறத்தையும் உடம்பையும் வைத்துக் கேலி வரும். அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுங்கள்.

ஆங்கிலத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகள் படிக்கிற ‘கேப்டன் அண்டர்பேன்ட்ஸ்’ என்ற சிரிப்புக் கதைத் தொடரை எழுதிய டேவ் பில்கியும் வகுப்பில் அடங்காத பிள்ளைதான். ஆசிரியர் வெளியே உட்கார வைக்க, அங்கே இருந்தபடி படம் வரைந்தவர். அந்தப் பாத்திரம் பிறந்ததே அப்படித்தான்.

குறும்பு செய்கிறவர்கள் எல்லாம் பையன்களாகவே இருக்கிறார்களே? என் மகளுக்கு எதைக் கொடுப்பது? – கிருஷ்ணகிரி

நியாயமான கோபம். ‘டோட்டோ-சான்’ புத்தகத்தைக் கொடுங்கள். தெட்சுகோ குரோயானாகி தன் சொந்தச் சிறுவயதைப் பற்றி எழுதி 1981-இல் ஜப்பானில் வந்தது; தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. சிறுமி டோட்டோ-சான் மேசை மூடியைத் திறந்து திறந்து மூடுவாள், பாடத்தின் நடுவே ஜன்னலில் நின்று தெருப் பாட்டுக்காரர்களைக் கூப்பிடுவாள். ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். புத்தகம் கொஞ்சம் பெரிது. ஆனால் அத்தியாயங்கள் சின்னவை, எதையும் தனியாக எடுத்துப் படிக்கலாம்.

வீட்டில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம். பத்து வயதாகியும் தமிழ் எழுத்து தடுமாறுகிறது. சின்னக் குழந்தை புத்தகம் கொடுத்தால் அவமானமாக நினைக்கிறான். – ஓசூர்

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இது நிறைய வீடுகளில் உண்டு. பத்து வயதுக்காரனிடம் ‘இது பந்து, அது பூனை’ வகைப் புத்தகத்தை நீட்டினால் கோபம் வரத்தான் செய்யும். அவனுக்குக் காமிக்ஸ்தான் சரி. படத்தைப் பார்த்தே பாதிக் கதை தெரிந்துவிடும், மிச்சத்துக்கு எழுத்தைத் தேடுவான். ‘டிங்கிள்’ சிறுவர் இதழில் வரும் அசட்டுச் சுப்பாண்டியின் கதை ஓரிரு பக்கத்தில் முடிந்துவிடும். சிவகாசியிலிருந்து வரும் லயன் – முத்து காமிக்ஸில் லக்கி லுக் என்ற கௌபாயின் சிரிப்புக் கதைகள் கிடைக்கும். விலை கொஞ்சம் அதிகம், பழைய புத்தகக் கடையிலும் தேடுங்கள்.

காசு செலவில்லாத வழியும் உண்டு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஒரே படக்கதை தெலுங்கு, ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் இருக்கும். தெலுங்கில் நீங்கள் சொல்லிவிடுங்கள், பிறகு தமிழில் அவன் தேடட்டும். கதை முன்பே தெரிந்திருந்தால் எழுத்துக்கூட்டுகிற சலிப்பு குறையும்.

காமிக்ஸ் படிப்பது படிப்பில் சேருமா? – ஊத்தங்கரை

சேரும்.

அரசுப் பள்ளி ஆசிரியை நான். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இருக்கின்றன, ஆனால் நான்கைந்து பேர்தான் எடுக்கிறார்கள். – பென்னாகரம்

பீரோவில் இருந்தால் நான்கைந்து பேர்தான் எடுப்பார்கள். ஒரு கயிறு கட்டி, அட்டை தெரிகிற மாதிரி தொங்கவிடுங்கள். கிழிந்தால் கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம். எளியதிலிருந்து தொடங்கி நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை போட்டிருக்கிறார்கள் இல்லையா? ஏழாம் வகுப்புப் பிள்ளை ‘நுழை’ புத்தகத்தை எடுத்தால் தடுக்காதீர்கள். வெட்கப்படுகிறவர்களிடம், ‘இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட ஆள் வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். எளிய புத்தகத்தைப் புரட்ட அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். முக்கியமாக, படித்து முடித்ததும் ‘கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?’ என்று கேட்க வேண்டாம். எந்த இடத்தில் சிரித்தாய் என்று கேளுங்கள், போதும்.

புத்தகத் திருவிழாவுக்கு மகளைக் கூட்டிப் போகிறேன். 300 ரூபாய்தான் ஒதுக்க முடியும். என்ன வாங்கலாம்? – காரிமங்கலம்

பணத்தை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரே தடிப் புத்தகம் வேண்டாம், மெல்லியவையாக நான்கைந்து பார்க்கச் சொல்லுங்கள். புக்ஸ் ஃபார் சில்ரன், நேஷனல் புக் டிரஸ்ட் அரங்குகளில் விலை கட்டுப்படியாகும். அவள் எடுத்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றாலும் முகத்தில் காட்டிவிடாதீர்கள்.