பாட்டியின் சிவப்பு ஐ.சி.

வணக்கம் அக்கா,

என் அம்மாவைப் பெற்ற பாட்டி போன வருடம் தவறிப்போனார். 1935இல் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர். சீபீல்டு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் வீட்டில் கடைசிவரை அவர் வைத்ததுதான் சட்டம். வருடத் திவசத்துக்கு அவரைப் பற்றி ஒரு சிறு நூல் அச்சடித்து உறவினர்களுக்குக் கொடுக்க நினைத்து நான்கு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் யாருடைய பாட்டிக்கும் பொருந்தும்போல் இருக்கிறது. பொறுமை, அன்பு, மீன் குழம்பு. பாட்டியின் அப்பாவை ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போடச் சயாமுக்கு (தாய்லாந்துக்கு) பிடித்துப் போனது, பாட்டி சாகும்வரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டையான சிவப்பு ஐ.சி.யோடு இருந்தது, இதையெல்லாம் சேர்க்கலாம் என்றால், 1959இல் பிறந்த எங்கள் பெரிய மாமா தடுக்கிறார். "பேரப்பிள்ளைகள் எல்லாம் நல்லா இருக்கிற நேரத்தில் அதை ஏன் கிளறுகிறாய்?" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, கோலாலம்பூர்

அன்புத் தங்கைக்கு,

பாட்டியின் மறைவுக்கு என் அனுதாபங்கள். இரண்டையும் எழுதுங்கள். முதலில் சிவப்பு ஐ.சி.யை எழுதுங்கள்.

மாமா மேல் வருத்தப்படாதீர்கள். அவர் தலைமுறைக்கு அந்த அட்டை என்றாலே அரசாங்க அலுவலகத்தில் அம்மா கைகட்டி நின்ற ஞாபகம்தான் வரும். அந்த வெட்கத்தை நாம் பாட்டியின் கணக்கில் எழுதக் கூடாது என்பதுதான் என் எண்ணம். நடந்ததைப் பாருங்கள். மலாயா சுதந்திரம் பெற்ற 1957 ஆகஸ்ட் 31 முதல் இந்த மண்ணில் பிறந்த குழந்தை அன்றைய சட்டப்படி பிறந்தவுடனேயே குடிமகன். மாமா அந்த வகை. அதற்கு முன் பிறந்து, அதுவரை குடியுரிமை பெறாதவர்கள் விண்ணப்பம் போட வேண்டும். இத்தனை வருடம் இங்கே இருந்தேன் என்று காட்ட வேண்டும், நன்னடத்தை வேண்டும், அடிப்படை மலாய் தெரிந்திருக்க வேண்டும். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) இல்லாமலே வளர்ந்தவர்கள் ஏராளம். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அப்படிப்பட்ட ஒரு பெண் எந்த நாளில் டவுனுக்குப் போய் வரிசையில் நிற்பாள்? இப்படித்தான் ஒரே கூரையின் கீழ் பிள்ளைக்குக் குடிமக்களின் நீல ஐ.சி.யும் பெற்றவளுக்குச் சிவப்பும் ஆயிற்று.

அப்புறம் 1969 வந்தது. முந்தைய ஆண்டு கொண்டுவந்த சட்டத்தால், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுத்தால்தான் வேலையில் இருக்கலாம் என்றானது. தான் பிறந்த நாட்டில், தினமும் வெட்டிக்கொண்டிருந்த அதே மரத்தை வெட்ட உங்கள் பாட்டிக்குத் தாள் தேவைப்பட்டது. அந்தச் சமயத்தில் எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்கள் கப்பலேறின. பாட்டி ஏறவில்லை. ஏன் ஏறவில்லை? பாரத்தை யார் நிரப்பிக் கொடுத்தார்கள்? தோட்டத்துக் கிராணியா (எழுத்தர்), வாத்தியாரா? பெர்மிட் கையில் வரும்வரை வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? உங்கள் நான்கு பக்கத்தில் இல்லாத பாட்டி இங்கேதான் இருக்கிறார்.

நம் நாளிதழ்களில் வரும் நினைவஞ்சலிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். குலவிளக்கு, தியாகச் சுடர், பாசத்தின் உறைவிடம். கீழே படம். அந்தப் படத்தில் இருக்கும் அம்மா முப்பது வருடம் ஒரு தொழில் செய்தார் என்று யாரும் எழுதுவதில்லை. பால் வெட்டுவது கைத்தொழில். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போக வேண்டும். கத்தி பட்டையைச் சரிவாக, தாள் போல மெலிதாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்ளே இருக்கும் உயிர்ப் படலம் காயப்படும், புதுப்பட்டை சீராக வளராது, மண்டோரின் (மேற்பார்வையாளரின்) ஏச்சும் கிடைக்கும். அந்தக் கணக்கில் ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரங்கள். பிறகு மரத்தில் கட்டிய மங்குகளில் (கிண்ணங்களில்) சேர்ந்த பாலை ஊற்றி எடுத்து, தோளில் காவும் காண்டா வாளியில் ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. இதை எழுதிவிட்டு அவர் பொறுமைசாலி என்று எழுதுங்கள், அந்தச் சொல்லுக்கு எடை வரும். மீன் குழம்பும் இருக்கட்டும். இத்தனைக்கும் பிறகு எந்த நேரத்தில் அதை வைத்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"அவர் வைத்ததுதான் சட்டம்" என்று ஒரே வரியில் போய்விட்டீர்களே, அங்கேயும் கொஞ்சம் நில்லுங்கள். அந்த அதிகாரம் அவருக்கு எப்படி வந்தது? என் அனுபவத்தில், நம் வீடுகளில் பாட்டிமாரின் சொல் நின்றதற்குப் பணம் ஒரு பெரிய காரணம். யாரிடம் கூட்டு (சீட்டு) கட்டினார், எந்தப் பிள்ளையின் படிப்புக்கு எந்த நகை அடகுக்குப் போனது, எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். 2013, 2018, 2022 பொதுத் தேர்தல்களில் நீங்களெல்லாம் விரலில் மையோடு வீட்டுக்கு வந்திருப்பீர்கள். குடும்பத்தில் எல்லா முடிவையும் எடுத்த அவருக்கு ஒருமுறைகூட அந்த மை கிடைக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

சயாம் விஷயத்தில் தகவல் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1943 அக்டோபரில் வேலை முடிந்தது, மலாயாவிலிருந்து போன தமிழர்களில் ஏராளமானோர் காய்ச்சலிலும் காலராவிலும் பசியிலும் அங்கேயே மாண்டார்கள். அதற்கு மேல் உங்கள் கொள்ளுத்தாத்தா எங்கே விழுந்தார் என்று கண்டுபிடிப்பது மிகவும் சிரமம். ஆனால் ஒன்று விசாரிக்கலாம். இறந்த தேதி தெரியாத அப்பாவுக்கு உங்கள் பாட்டி எந்த நாளில் படையல் போட்டார்? அமாவாசையிலா, தீபாவளிக்கு முந்தின நாளா? போடவே இல்லையா, எப்போதாவது திரும்பி வருவார் என்று காத்திருந்தாரா? ஏழெட்டு வயதில் அப்பாவைப் பறிகொடுத்தவர் என்பது அவருடைய பிற்காலக் கண்டிப்புக்கும் ஏதாவது சொல்லக்கூடும்.

சீபீல்டு இருந்த இடத்தில் இன்று யூ.எஸ்.ஜே. என்ற குடியிருப்புப் பகுதியின் வீடுகளும் கடைகளும்தான். ஆனால் பாட்டிக்குப் பக்கத்து நிரையில் (மர வரிசையில்) வெட்டியவர்கள் ஓரிருவராவது பூச்சோங்கிலோ கிள்ளானிலோ பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். திவசத்துக்கு அழைக்கிற சாக்கில் முன்கூட்டியே நேரில் போய்ப் பாருங்கள். போனில் கேட்டால் "ரொம்ப நல்லவங்கம்மா" என்பதோடு முடித்துவிடுவார்கள்.

மாமாவிடம் சண்டை வேண்டாம். 1969இல் அவருக்குப் பத்து வயது. தோட்டத்துப் பிள்ளைகள் அந்த வயதில் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெர்மிட் வந்த நாளைப் பற்றி அவரிடமே கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால், அந்தப் பகுதியை அவர் பெயரிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா