‘ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிடலாம்’ என்கிறாரா புரோக்கர்?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் பழைய 20 டன் செயின் பொக்லைன் ஒன்றை 24 லட்சத்துக்கு முடித்திருக்கிறேன். குடியாத்தம் கொண்டுவர வேண்டும். லாரி புரோக்கர் ஒருவர், "பிளாட் பாடி லாரி ரிட்டன் லோடுக்கு நிக்குது, ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிடலாம், பர்மிட்டெல்லாம் வேண்டாம், மெஷினுக்கு இருக்கிற இன்சூரன்ஸே போதும்" என்கிறார். தளம் தாழ்ந்த டிரெய்லரான லோ பெட் கேட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாடகை. நண்பருடைய ஜேசிபியை ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். என் வண்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி? (குடியாத்தம் வாசகர்)

பதில்: லோ பெட்டையே பிடியுங்கள். புரோக்கர் சொன்ன நான்கில் ஒன்றுகூட உங்களுக்குச் சாதகமானதில்லை.

முதலில் உயரம். உங்கள் மெஷின் பூமை, அதாவது அதன் நீண்ட கையை, மடக்கிப் படுக்க வைத்தாலும் மூன்று மீட்டர் உயரம் நிற்கும். பிளாட் லாரியின் தளம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் வாக்கில். லோ பெட்டில் சுமார் ஒரு மீட்டர்தான். அந்த அரை மீட்டருக்குத்தான் கூடுதல் வாடகை. வாலாஜா, வேலூர் என்று நெடுஞ்சாலையில் வரும்வரை வித்தியாசம் தெரியாது. பள்ளிகொண்டாவில் இறங்கிப் பாலாற்றைத் தாண்டி ஊர்களுக்குள் நுழைந்ததும் தெரியும். தெருவுக்குத் தெரு தாழ்ந்து தொங்கும் ஒயர். கேபிள் டிவிக்காரர் கட்டியது தனி. அந்த நேரத்தில் கிளீனர் மெஷின் மேல் ஏறி ஒரு கொம்பால் ஒயரைத் தூக்கிப் பிடிப்பார், லாரி ஊர்ந்து போகும். நம் ஊரில் சர்வ சாதாரணமாக நடக்கும் இந்த வேலையில்தான் உயிர் போகிறது. இருட்டில், ஈரக் கொம்போடு, எது மின்சார ஒயர் எது கேபிள் என்று யாருக்குத் தெரியும்? முந்தின நாள் பகலிலேயே பைக்கில் ஒருவரை அனுப்பிக் கடைசி 20 கிலோமீட்டரைப் பார்த்து வரச் சொல்லுங்கள். ரயில்வே சுரங்கப்பாதை குறுக்கிட்டால் எழுதியிருக்கும் உயரத்தைக் குறித்து வரட்டும். ஏற்றி முடித்ததும் தரையிலிருந்து உச்சிவரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை டிரைவர் கையில் எழுதிக் கொடுங்கள். ஒயர் தாழ்ந்திருந்தால் மின்வாரிய லைன்மேன்தான் கை வைக்க வேண்டும்.

அடுத்தது அகலம், பர்மிட். மத்திய மோட்டார் வாகன விதி 93-ன்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 20 டன் பொக்லைன் இரண்டு செயினையும் சேர்த்து 2.8 மீட்டர் வரும். ஆகவே இது ஓடிசி, அதாவது அளவு மீறிய சரக்கு. அனுமதி இல்லாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு போனால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய். பணம் பெரிதில்லை. நீட்டிக்கொண்டிருப்பதைச் சரிசெய்யாமல் வண்டி நகரக் கூடாது என்பதுதான் சிக்கல். டோல்கேட் ஓரத்தில் நடுராத்திரி 20 டன் பொக்லைனை எங்கே இறக்குவீர்கள்? அங்கேதான் "மேல பேசி முடிச்சிடலாம்ணே" என்ற குரல் கேட்கும். புரோக்கரின் ‘பர்மிட் வேண்டாம்’ என்பதன் முழு வாக்கியம் அது.

லாரி உரிமையாளர்தான் அனுமதி எடுக்க வேண்டும். அதில் இருக்கும் லாரி எண், பாதை, தேதி மூன்றையும் நீங்களே படித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் மங்கலான படத்தை நம்பாதீர்கள். இந்த அனுமதி முறை மேல் எனக்கும் எரிச்சல்தான். தேசிய நெடுஞ்சாலைக்கு ஒரு கை, ஊர்ச் சாலைக்கு இன்னொரு கை. பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றான பிறகு, வாலாஜாவில் கேட்டதைப் பள்ளிகொண்டாவில் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். நேர் வழி இவ்வளவு சுற்றாக இருந்தால் புரோக்கர் பிழைக்காமல் என்ன செய்வார்? ஆனாலும் எடுங்கள்.

சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான ஈ-வே பில்லிலும் ஒரு பொறி உண்டு. அது எத்தனை நாள் செல்லும் என்பது தூரத்தைப் பொறுத்தது. சாதாரண லாரி என்று போட்டால் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. ஓடிசி என்று போட்டால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். உங்கள் பயணம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஓடிசி என்று போட்டால் ஏழு நாள் கிடைக்கும். வழியில் டயர் போனாலும் பதறத் தேவையில்லை. அவசரத்தில் ‘ரெகுலர்’ தட்டிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில்தான் பெரிய ஓட்டை. இப்போதுள்ள பாலிசி பழைய முதலாளி பெயரில் இருக்கும். அதுவும் பெரும்பாலும் வேலைத்தளத்தில் நடப்பதற்கானது. ரோட்டுப் பயணம் தானாக அதில் சேராது. இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் உங்கள் பெயரில் டிரான்சிட் பாலிசி எடுங்கள், ஏற்றுவதும் இறக்குவதும் அதில் சேருமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். லாரிக்காரர் பொறுப்பேற்பார் என்று நினைக்க வேண்டாம். 2007-ம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டமும் 2011 விதிகளும் அவர் பொறுப்புக்கு வைத்த எல்லை, வாடகையைப் போல் பத்து மடங்கு. வாடகை 30,000 என்றால் 3 லட்சம். உங்கள் மெஷின் 24 லட்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மதிப்பை எழுதிக் கொடுத்து, கூடுதல் ரிஸ்க் கட்டணத்தையும் முன்பே எழுத்தில் பேசியிருக்க வேண்டும். "மதிப்பைக் கம்மியா போடுங்க, எதுக்கு வம்பு" என்று யோசனை சொல்வதும் அதே புரோக்கர்தான். அதே சட்டத்தில் புரோக்கரும் சரக்கு ஏற்றிச் செல்பவர் கணக்கில்தான் வருகிறார், பதிவு வைத்திருக்க வேண்டும். பதிவு எண் கேளுங்கள். போன் கட்டானால் வேறு ஆளைப் பாருங்கள்.

நண்பரின் ஜேசிபி கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் எல்லோரும் வாதாடுகிறார்கள். அது ரப்பர் டயர் வண்டி. நம்பர் பிளேட் உண்டு, அகலம் 2.6-க்குள், சட்டமே அதைச் சாலையில் ஓடும் கட்டுமான வண்டியாக ஏற்கிறது. ஓட்டலாம். ஆனால் ஓட்டும் விதம் உண்டு. பின் பூமை மடக்கி லாக் பின்னைப் போட வேண்டும். அந்த லாக் பின் இல்லையென்றால் பள்ளத்தில் குலுங்கி, பக்கத்தில் பைக்கில் வருகிறவர் மேல் பூம் திரும்பும். முன் பக்கெட் தரையிலிருந்து கொஞ்சம் மேலே, கண்ணை மறைக்காமல். முக்கியமாக பிரேக். அதில் இரண்டு பெடல், இடது சக்கரத்துக்கு ஒன்று வலதுக்கு ஒன்று. தளத்தில் வளைக்க வசதியாக இருக்கும் என்று பிரித்தே வைத்திருப்பார்கள். ரோட்டில் ஏறுமுன் பட்டையைப் போட்டு இரண்டையும் இணைக்கவில்லை என்றால், அவசரத்தில் ஒரு காலால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாகச் சுழலும். பகலில், மேலே மஞ்சள் விளக்கோடு போகட்டும். உங்களுடையது இரும்புச் செயின். தாரைக் கிழிக்கும், சாலையில் ஓட்டவே கூடாது.

ஏற்றும் இடம் கெட்டியான சமதரையாக இருக்கட்டும். ராம்ப் மேல் திருப்பக் கூடாது, பக்கெட்டை ஊன்றி எம்பி ஏறவும் கூடாது. ஏறுவதற்கு முன் செயினில் உள்ள சேற்றையும் கிரீஸையும் சுரண்டுங்கள். தளத்தில் பலகை போடுங்கள். இரும்பு மேல் இரும்பு வழுக்கும். சடன் பிரேக் போட்டால் எடையில் 80 சதவீத விசை முன்னால் தள்ளும் என்று வைத்துத்தான் கட்டுவார்கள். உங்கள் மெஷினுக்கு அது 16 டன். நைலான் கயிறும் செயினுக்கு அடியில் நாலு கட்டையும் இதற்குப் போதாது. நான்கு மூலைக்கும் தனித்தனி இரும்புச் சங்கிலி, ஒவ்வொன்றுக்கும் அதை இறுக்கும் பைண்டர், பக்கெட்டுக்கு இன்னொன்று. மெஷினின் மேல்பகுதி சுழலாமல் பூட்டும் ஸ்விங் லாக் போட்டிருக்கிறதா என்று கேபினில் ஏறிப் பாருங்கள். சைலன்சர் வாயைத் துணியால் கட்டுங்கள். எதிர்க்காற்று உள்ளே புகுந்து இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போவை ஆயில் இல்லாமல் சுற்றவிடும். இறக்கியதும் முதல் வேலையாக அதை அவிழ்க்க வேண்டும். கிளம்பிய 15, 20 கிலோமீட்டரில் ஓரங்கட்டிச் சங்கிலிகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள், நிச்சயம் தளர்ந்திருக்கும்.

குடியாத்தத்தில் விடிந்த பிறகு இறக்குங்கள். பாக்கி வாடகையைக் கையில் வைத்துக்கொண்டே மெஷினை ஒரு சுற்றுப் பாருங்கள்: கண்ணாடி, ஹோஸ் பைப், சிலிண்டர் ராடு. கீறல் இருந்தால் எல்.ஆர். (லாரி ரசீது) நகலில் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு பணம் கொடுங்கள். வழக்குவரை போகும் என்று தோன்றினால், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். புரோக்கர் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று இழுத்தடிப்பது அந்தத் தேதி தாண்டத்தான்.