புதுத் தொட்டியில் மீன் ஏன் சாகிறது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

புதிதாக மீன் தொட்டி வைத்தவர்கள் அனுப்பிய கேள்விகளை எல்லாம் படித்துவிட்டேன். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “எல்லாம் சரியாகத்தானே செய்தேன், ஏன் செத்தது?” அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது பிடிபட்டால் மற்றதில் பாதி தானாக விளங்கிவிடும்.

கேள்வி: அண்ணா, இரண்டடி தொட்டி வாங்கித் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் விட்டு, மறுநாள் பத்து மீன் விட்டேன். மூன்று நாள் நன்றாக ஓடியாடிக்கொண்டு இருந்தன. நாலாம் நாள் இரண்டு, ஐந்தாம் நாள் மூன்று போய்விட்டன. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. என்ன தப்பு செய்தேன்?

பதில்: தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்ததால்தான் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. மீன் மூச்சுவிடும் ஒவ்வொரு முறையும் செவுள் வழியாக அம்மோனியா வெளியேறுகிறது. கழிவும், தின்னாமல் விட்ட உணவும் அழுகினால் அதிலிருந்தும் அம்மோனியா வரும். குளத்தில் அது கரைந்து போய்விடும். இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடித் தொட்டியில் விளிம்பு வரை ஊற்றினாலும் 56 லிட்டர்தான் பிடிக்கும். அதற்குள் பத்து மீன்.

பழைய தொட்டிகளில் மீன் பிழைப்பதற்குக் காரணம் ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு. நைட்ரேட் அந்த அளவுக்கு இல்லை, வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அடங்கிவிடும். உங்கள் தொட்டியில் இந்தப் பாக்டீரியா இன்னும் வந்து சேரவில்லை. வந்து பெருகுவதற்குச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும். மீனை வளர்ப்பதற்கு முன்னால் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும் என்பதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை. தப்பு உங்களுடையது இல்லை.

மிச்சம் இருக்கும் ஐந்தையும் காப்பாற்றலாம். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் நீக்கிய தண்ணீராக, தொட்டியின் அதே சூட்டில் இருக்கட்டும். உணவு ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் சிட்டிகை. புது மீன் வேண்டவே வேண்டாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கிற டெஸ்ட் கிட் ஒன்றை இன்றே வாங்குங்கள். அளந்து பார்த்துவிட்டு என்ன வந்தது என்று சொல்லுங்கள். தண்ணீரின் அமிலக் காரத் தன்மையைக் காட்டும் pH எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். 25 டிகிரி சூட்டில் pH 7 என்றால் இருக்கிற அம்மோனியாவில் 1 சதவீதம்கூட நச்சு வடிவில் இருக்காது. pH 8 என்றால் அது 5 சதவீதம் அளவுக்குப் போய்விடும். அதே மீன், அதே உணவு, ஒருவர் வீட்டில் பிழைத்து இன்னொருவர் வீட்டில் சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: நான் இன்னும் மீன் வாங்கவில்லை. மீனே இல்லாமல் இந்தப் பாக்டீரியாவை எப்படி வளர்ப்பது?

பதில்: எனக்கு மிகவும் சந்தோஷம் கொடுத்த கேள்வி இது. ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு அழுகவிடுங்கள். வாசனையும் சோப்பும் சேராத அம்மோனியா கரைசல் கிடைத்தால் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு விட்டும் செய்யலாம். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்க இறங்க நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் காட்டும். நடுவில் இரண்டு வாரம் ஒன்றுமே நகராத மாதிரி இருக்கும். அங்கேதான் பலர் பொறுமை இழந்து மீன் வாங்கி வந்துவிடுகிறார்கள். அம்மோனியா விட்ட மறுநாளே இரண்டும் பூஜ்யம் என்று வந்தால் தொட்டி தயார்.

குறுக்குவழி வேண்டுமானால் ஒன்று இருக்கிறது. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வைத்தால் வாரக்கணக்கு நாட்கணக்காகக் குறையும். பழைய தொட்டித் தண்ணீரை மட்டும் கொண்டுவந்து ஊற்றிப் பயனில்லை. இந்தப் பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதைவிட ஸ்பாஞ்ச், மணல், கல் இவற்றில் ஒட்டித்தான் வாழும்.

நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1990-களின் ஆய்வில், நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று தெரிந்தது. 2015-ல், இரண்டு கட்ட வேலையையும் தனியாளாகவே முடிக்கிற நைட்ரோஸ்பைரா வகைகளையும் கண்டுபிடித்தார்கள். கைப்பிடி ஸ்பாஞ்சுக்குள் இத்தனை நடக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கும்.

கேள்வி: ஃபில்டர் ஸ்பாஞ்ச் பழுப்பாக, கொழகொழவென்று இருக்கிறது. வாரா வாரம் குழாயடியில் நன்றாகக் கழுவுகிறேன். ஆனாலும் மீன்கள் சோர்ந்தே இருக்கின்றன.

பதில்: அந்தக் கொழகொழப்பில்தான் உங்கள் பாக்டீரியா இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அதைக் கொல்கிறது. ஒவ்வொரு வாரமும் நீங்கள் புதுத் தொட்டியிலிருந்து தொடங்குகிறீர்கள்.

நான் தொட்டி வைத்த முதல் வருடம் இதையேதான் செய்தேன். ஸ்பாஞ்ச் வெளுக்கும்வரை பிழிந்து கழுவி மாட்டினேன். மூன்றாம் நாள் காலை ஏஞ்சல் மீன் ஜோடி இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் ஓரம் இரத்தச் சிவப்பு. சாயங்காலத்துக்குள் இரண்டும் இல்லை. அன்றிலிருந்து ஒரே பழக்கம்தான்: தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை வாளியில் வைத்து, அதிலேயே ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை அமுக்கி எடுப்பேன். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் மட்டும் இதைச் செய்தால் போதும். பழுப்பு அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: தண்ணீரை ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்து ஊற்றினால் குளோரின் போய்விடும் என்கிறார்கள். ஆண்டி குளோரின் தேவையா?

பதில்: வெறும் குளோரின் என்றால் 24 மணி நேரத்தில் போய்விடும், ஏர் பம்ப் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம். ஆனால் சில ஊர்களில் குளோரினுக்குப் பதில், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலக்கிறார்கள். அது வாளியில் வைத்தால் போகாது. உங்கள் தண்ணீரில் எது என்று உறுதியாகத் தெரியாதவரை ஆண்டி குளோரின் சொட்டு மருந்தைப் பயன்படுத்துங்கள். மருந்து குளோரமினை உடைத்த பிறகு கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும். பழகிய ஃபில்டர் அதைத் தின்றுவிடும், புதுத் தொட்டியில்தான் கவனம் வேண்டும்.

கேள்வி: நாலாவது நாளே தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது. முழுசாகக் கொட்டிவிட்டு மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். அது வேறு வகைப் பாக்டீரியா திடீரென்று பெருகுவதால் வருவது. உணவைக் குறையுங்கள், காற்றை நன்றாக ஓடவிடுங்கள். சில நாளில் தானாகத் தெளியும். பச்சையாக மாறினால் அது பாசி. ஜன்னல் வெயிலைத் தடுத்து, விளக்கை ஒரு நாளைக்கு 6 மணி நேரமாகக் குறையுங்கள்.

கேள்வி: என் மோலியின் வாலில் உப்புத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி. உடம்பைக் கல்லில் போய்த் தேய்க்கிறது. நீல மருந்து ஊற்றினேன், புள்ளி மறைந்தது. நாலு நாள் கழித்து இரட்டிப்பாக வந்துவிட்டது. ஏன் அண்ணா?

பதில்: மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் இங்கேதான் ஏமாறுகிறோம். நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கடியில் புதைந்திருக்கும் ஓர் ஒட்டுண்ணி. அது அங்கே இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. வளர்ந்ததும் மீனைவிட்டு உதிர்ந்து, அடியில் போய் ஒட்டி, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். நீங்கள் “புள்ளி மறைந்தது” என்று நிம்மதியானது அந்த நேரத்தில்தான். கூட்டுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சு ஒட்டுண்ணிகள் நீந்தி வெளியே வரும். இரண்டு மூன்று நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். மருந்து வேலை செய்வது இந்த நீந்துகிற கட்டத்தில் மட்டும்தான்.

அதனால் கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் மருந்தை விடாதீர்கள். ஹீட்டர் இருந்தால் ஒரு நாளைக்கு ஓரிரு டிகிரி வீதம் ஏற்றி 30 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். சூடு கூடினால் ஒட்டுண்ணியின் சுற்று சீக்கிரம் முடியும், மருந்திடம் சீக்கிரம் வந்து மாட்டும். மோலிக்கு 30 தாங்கும். கோல்டு ஃபிஷ் வைத்திருப்பவர்கள் இந்தச் சூட்டை முயல வேண்டாம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள். தினமும் அடி மணலை உறிஞ்சி எடுத்தால் கூடுகளில் ஒரு பகுதி வெளியே போய்விடும். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும்.

நீல மருந்து என்று நீங்கள் சொல்வது மெத்திலீன் புளூ என்றால், அதைப் பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள். ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும். தனி வாளியில் வைத்துச் சிகிச்சை செய்வதற்குத்தான் அது. தொட்டியில் நத்தை, இறால் இருந்தால் செம்பு கலந்த மருந்து கூடவே கூடாது.

கேள்வி: ஃபைட்டர் மீன் சின்னப் பாட்டிலிலேயே வாழ்கிறதே, அதற்கு எதற்குத் தொட்டி?

பதில்: வாழ்வதும் சாகாமல் இருப்பதும் வேறு வேறு. ஃபைட்டருக்குத் தலைக்குள் இன்னொரு மூச்சு உறுப்பு இருக்கிறது, மேலே வந்து காற்றையே விழுங்கும். அதனால் ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் தப்பிக்கும். அம்மோனியாவிலிருந்து அந்த உறுப்பு காப்பாற்றாது. குறைந்தது 15, 20 லிட்டர், வேகமில்லாத ஸ்பாஞ்ச் ஃபில்டர், 25 டிகிரியை ஒட்டிய சூடு கொடுத்துப் பாருங்கள். பாட்டிலில் அடியில் கிடந்த அதே மீன் இரண்டே வாரத்தில் கண்ணாடியோரம் வந்து உங்கள் விரலைத் தொடர்ந்து நீந்தும். கண்ணாடிக் கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் வைத்திருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், இன்னும் அழுத்தமாக. நல்ல இடம் கிடைத்தால் அது ஓரடி நீளம்கூட வளரும், பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும்.

கேள்வி: அழுக்கைத் தின்பதற்கு ஒரு சக்கர் மீன் விடலாமா?

பதில்: அது கழிவைத் தின்னாது, அதுவே நிறையக் கழிக்கும். ஒன்றரை அடிக்கு வளரும். விடாதீர்கள்.

கேள்வி: ஃபில்டர் இல்லாமல் செடி மட்டும் வைத்து நடத்த முடியாதா?

பதில்: முடியும், ஆனால் முதல் தொட்டியில் வேண்டாம். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1850-ல் இதைத்தான் எழுதிவைத்தார். அவருடைய தொட்டியில் இரண்டு கோல்டு ஃபிஷும் வாலிஸ்னேரியா செடியும் இருந்தன. செடியின் இலை அழுகித் தண்ணீர் கெட்டது. நத்தைகளை விட்டதும் அவை அழுகலைத் தின்று தண்ணீரைத் தேற்றின. கவனியுங்கள், இரண்டே மீன். செடி அடர்ந்து, மீன் மிகக் குறைந்து, தினமும் பார்க்கிற கண் இருந்தால் நடக்கும். ஃபில்டர் வைத்துக்கொண்டே செடியும் வளர்ப்பது உங்களுக்கும் மீனுக்கும் நல்லது. ஜாவா ஃபெர்னில் தொடங்குங்கள். அதன் கிடைத்தண்டை மட்டும் மணலில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். கல்லில் நூலால் கட்டிவிட்டால் போதும்.

கேள்வி: எப்போது பார்த்தாலும் பசியோடு முன்னால் ஓடி வருகின்றன. பார்க்கவே பாவமாக இருக்கிறது.

பதில்: உங்களை அடையாளம் கண்டு ஓடி வருகின்றன. வயிறு நிறைந்திருந்தாலும் வரும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒரு முறை அல்லது இரண்டு முறை. வாரத்தில் ஒரு நாள் போடாமல் விட்டால் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: விடியற்காலையில் மட்டும் எல்லாம் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. மதியம் சரியாகிவிடுகிறது.

பதில்: செடி நிறைய வைத்திருக்கிறீர்களா? விளக்கு அணைந்தபின் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், விடியும்போது அளவு மிகக் குறைந்திருக்கும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் மோசம். 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். இரவில் ஏர் பம்பை நிறுத்தாதீர்கள். குமிழியைவிட மேற்பரப்பு அசைவதுதான் முக்கியம். பகலிலும் மேலேயே நின்றால் அது நைட்ரைட்டாக இருக்கலாம். நைட்ரைட் இரத்தத்தைப் பழுப்பாக்கி ஆக்சிஜனைச் சுமக்கவிடாது, எவ்வளவு காற்று விட்டாலும் மீன் திணறும். அப்படியென்றால் உடனே பாதித் தண்ணீரை மாற்றி, லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைக் கரைத்து விடுங்கள். உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் புகவிடாது.

கேள்வி: புது மீனைக் கவரோடு மிதக்கவிட்டு அப்படியே கவிழ்த்துவிடலாமா?

பதில்: சூடு சமமாக 15, 20 நிமிடம் மிதக்கட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கவருக்குள் விட்டு, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. இடமிருந்தால் இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: அண்ணா, முதல் கேள்வி கேட்டவன் நான்தான். டெஸ்ட் கிட் வாங்கிவிட்டேன். அம்மோனியா டெஸ்டில் மஞ்சளாக இருந்தது பச்சையாக மாறிவிட்டது, அட்டையில் வைத்துப் பார்த்தால் 0.5 காட்டுகிறது. நைட்ரைட் பூஜ்யம். pH 8. ஐந்தும் உயிரோடு இருக்கின்றன, ஒன்று மட்டும் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறது.

பதில்: pH 8 என்பதால் 0.5 கூட அதிகம்தான் தம்பி. மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னேன், இன்று பாதியை மாற்றுங்கள். மாற்றி ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், 0.25-க்கு வந்திருக்க வேண்டும். இன்றும் நாளையும் உணவு வேண்டாம். விளக்கை அணைத்துவிடுங்கள், மூலையில் நிற்பதற்கு அதுவே ஆறுதல். நாளைக் காலை இதே நேரத்துக்குப் பார்த்து, மூன்று எண்களையும் எனக்கு எழுதுங்கள். நைட்ரைட் கொஞ்சம் ஏறியிருந்தால் பயப்படாதீர்கள், முதல் கூட்டம் வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.