நாற்பது படங்களை ஒரே தாளில் சேர்ப்பது எப்படி? டிடிபி (கம்ப்யூட்டர் பக்க வடிவமைப்பு) கேள்வி-பதில்

அப்பாவுக்குத் தை மாதம் சதாபிஷேகம். மண்டப வாசலில் வைக்க மூன்றடிக்கு இரண்டடி அளவில், நாற்பது படங்கள் சேர்த்து ஒரு போர்டு செய்ய ஆசை. போட்டோஷாப்பில் முயன்றேன். இருபதாவது படத்திலேயே கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது.
– வாசகி, கும்பகோணம்

போட்டோஷாப் ஒவ்வொரு படத்தையும் முழுதாக ஒரே ஃபைலுக்குள் சுமக்கிறது. அதனால்தான் திணறுகிறது. இன்டிசைன், ஸ்க்ரைபஸ் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் படம் அதன் ஃபோல்டரிலேயே இருக்கும். பக்கத்தில் இருப்பது அதைச் சுட்டும் இணைப்பும் ஒரு மாதிரித் தோற்றமும் மட்டும்தான். நாற்பது படம் அவற்றுக்கு ஒரு பாரமே இல்லை. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ஸ்க்ரைபஸ் இலவசம்.

ஆனால் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. வர வேண்டிய உறவினர் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். யார் எந்தப் படத்தில் வருகிறார்கள் என்று ஒவ்வொருவராக டிக் அடியுங்கள். ஒரு குரூப் போட்டோவில் எட்டுப் பேர் அடங்கிவிடுவார்கள். நாற்பது படம் இருபத்தைந்தாகக் குறையும், எவர் மனமும் நோகாது. விசேஷ வீட்டில் எல்லாரும் முதலில் தேடுவது தங்கள் முகத்தைத்தான். விடுபட்டவரின் வருத்தம் லேசில் போகாது.

அடுத்தது, ஒரு படத்தைப் பெரிதாக வையுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் வாக்காளர் பட்டியல் மாதிரி ஆகிவிடும், கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுக்குப் பலகையில் மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள். கேமராவுக்காக நிமிர்ந்து உட்கார்ந்த படத்தைவிட, திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் படம் இருந்தால் அதுதான் என் தேர்வு.

இன்டிசைனில் பக்க அளவை 36 அங்குலத்துக்கு 24 அங்குலமாக வைத்து, கண்ட்ரோல் + டி அழுத்தி, சிறிய படங்களை எல்லாம் ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். மவுஸை இழுத்துக்கொண்டே, விரலை எடுக்காமல், கீபோர்டில் வலது அம்புக்குறியையும் மேல் அம்புக்குறியையும் தட்டுங்கள். நெடுவரிசையும் கிடைவரிசையும் கூடிக்கொண்டே போகும். விட்டால் படங்கள் கட்டம் கட்டமாக உட்கார்ந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஃபிட்டிங் மெனுவில் ஃபில் ஃப்ரேம் ப்ரொபோர்ஷனலி கொடுத்தால் படம் நசுங்காமல் கட்டத்தை நிரப்பும். இரண்டு படங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை கேப் டூலால் பிடித்து நகர்த்தினால், ஒரு பக்கம் பெரிதாகும், மறுபக்கம் சுருங்கும், இடைவெளியின் அகலம் மட்டும் மாறாது. இந்த ஒரு கருவிக்காகவே, பல படங்களைச் சேர்த்துச் செய்யும் மாண்டேஜை நான் இன்டிசைனில் செய்வேன்.

கடைசியாக, ஓரத்தில் இருப்பவர்களின் பார்வையைக் கவனியுங்கள். இடது ஓரத்துப் படத்தில் இருப்பவர் வலப்பக்கம் பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் நம் கண்ணும் பலகையை விட்டு வெளியே போய்விடும்.

உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் போனில் நன்றாக இருக்கின்றன. பிரிண்ட் போட்டால் மங்குகின்றன.
– வாசகர், திருநெல்வேலி

வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும். நீளப்பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சல் அளவில் இருக்கும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்று கணக்கு வைத்தால், 1600-ஐ 300-ஆல் வகுக்க, சுமார் ஐந்தே கால் அங்குலம் வரும். அதற்குள் வைத்தால் தப்பில்லை, முழுப் பக்கத்துக்கு இழுத்தால் மங்கும். நாலடி தள்ளி நின்று பார்க்கும் போர்டு என்றால் 150 போதும், இரண்டு மடங்கு பெரிதாக்கலாம்.

பெரிதாக வரப்போகும் படத்தை மட்டும் ‘டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்’ என்று கேட்டு வாங்குங்கள். அப்படி அனுப்பினால் அசல் ஃபைல் அப்படியே வரும்.

தாத்தாவின் ஒரே படம் பாஸ்போர்ட் அளவுதான். இன்னொன்று பழைய ஃப்ரேமில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பாஸ்போர்ட் படத்தை 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். மூன்றரை சென்டிமீட்டர் அகலம் கிட்டத்தட்ட 1650 பிக்சலாகக் கிடைக்கும். ஐந்தரை அங்குல அகலத்துக்குத் தாராளமாக அச்சிடலாம்.

கண்ணாடியில் ஒட்டிய படத்தைத் தயவுசெய்து உரிக்காதீர்கள். முகத்தின் மேல் தோலே கண்ணாடியோடு வந்துவிடும். அப்படி ஒரு படம் கிழிந்ததை என் கண் முன்னால் பார்த்திருக்கிறேன், அந்த வீட்டில் அதற்கு வேறு பிரதி இல்லை. கண்ணாடியோடு சேர்த்தே கேமராவில் படம் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், கேமராவை நேராகப் பிடித்து எடுக்க வேண்டும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நின்றால் நம் பிம்பம் கண்ணாடியில் தெரியாது.

யூனிகோடில் தட்டச்சு செய்த பெயர்களைப் பேஜ்மேக்கரில் ஒட்டினால் கேள்விக்குறிகளாக வருகின்றன.
– வாசகர், ஈரோடு

பேஜ்மேக்கர் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதற்கு யூனிகோட் தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துரு இருந்தால், எழுத்துரு மாற்றி மென்பொருளில் உரையை அந்த எழுத்துருவுக்கு மாற்றி ஒட்டலாம். புது வேலை என்றால் பேஜ்மேக்கரை விட்டுவிடுவதே நல்லது. ஸ்க்ரைபஸில் பழைய 1.4 வரிசை தமிழைச் சிதைக்கும், கொம்பு எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும். 1.6 வரிசையைப் போட்டுக்கொள்ளுங்கள். இன்டிசைனில் இதே சிக்கல் வந்தால், பாராகிராஃப் பேனலின் மெனுவில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும்.

‘80’ என்ற எண்ணுக்குள்ளேயே படங்கள் தெரிய வேண்டும். முடியுமா?
– வாசகி, கோவை

இன்டிசைனில் முடியும். முதலில் படங்களைத் தனி ஃபைலில் நெருக்கமாகக் கட்டம் கட்டி, ஜேபெக் ஆக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் எண்ணைத் தடிமனான எழுத்துருவில் பெரிதாக அடித்து, டைப் மெனுவில் க்ரியேட் அவுட்லைன்ஸ் கொடுத்து, அந்த ஜேபெக்கை அதற்குள் பிளேஸ் செய்யுங்கள். 8-இன் இரண்டு துளையும் 0-வின் நடுவும் வெறுமையாக இருக்கும், எவர் முகமும் அங்கே விழுந்து மறையாதபடி படத்தை உள்ளே நகர்த்திப் பாருங்கள். ‘அம்மா’ என்று எழுத்துகளில் கேட்பவர்களும் உண்டு. தமிழ் எழுத்தின் வளைவுகள் மெல்லியவை, முகம் அடங்காது. பலூ தம்பி மாதிரி தடித்த எழுத்துருவில் ஓரளவு வரும்.

அச்சகத்துக்குக் கொண்டுபோனால் பாதிப் படங்கள் காணவில்லை.
– வாசகர், விருதுநகர்

இணைப்பு அறுந்துவிட்டது, படம் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. இன்டிசைனின் ஃபைல் மெனுவில் பேக்கேஜ் கொடுத்தால் படங்களை எல்லாம் ஒரே ஃபோல்டரில் திரட்டித் தரும். ஸ்க்ரைபஸில் அதன் பெயர் கலெக்ட் ஃபார் அவுட்புட். கூடவே பிடிஎஃப் ஒன்றும் கொடுங்கள்.

ஆல்பத்தின் இரட்டைப் பக்கத்தில் குடும்பப் படத்தை முழுதாக வைத்தேன். நடுவில் நின்ற பாட்டியின் முகம் மடிப்பில் போய்விட்டது.
– வாசகி, சிங்கப்பூர்

பக்கங்களை நடுவில் சேர்த்துத் தைக்கும் ஆல்பங்களில் மடிப்பு இரண்டு பக்கமும் கொஞ்சம் விழுங்கும். திரையில் அது தெரியாது. நடுக்கோட்டுக்கு இரு புறமும் அரை அங்குலம் தள்ளி ஒரு கைடு (வழிகாட்டிக் கோடு) போட்டுக்கொள்ளுங்கள், அதற்குள் முகம் வரக்கூடாது. குரூப் போட்டோவில் நடுவில் எப்போதும் வீட்டின் மூத்தவர்தான் இருப்பார், அதனால் படத்தை ஒரு பக்கமாகத் தள்ளி, இரண்டு பேருக்கு இடையில் உள்ள இடைவெளி மடிப்பில் விழும்படி வையுங்கள். அந்த ஒரு தாளை மட்டும் திரும்ப அச்சிட்டுத் தருவார்களா என்று ஆல்பம் செய்த இடத்தில் கேட்டுப் பாருங்கள்.