மூங்கில் உறை சேர்க்கும் பெண்ணை என்ன படிக்க வைப்பது?

ஆச்சி, போன வாரம் நீங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, இவளை என்ன படிக்க வைப்பது என்று கேட்டபோது, எல்லாம் நல்லபடியா நடக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது என்று பட்டது, அதனால் எழுதுகிறேன். நகையை அடகு வைத்து 12 லட்சம் புரட்டி அவளைத் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்க்காதீர்கள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் படிக்கிறார்கள், நாளைக்குக் கல்யாணம் பேசும்போது கேட்பார்கள் என்றீர்கள். கேட்கிறவர்கள் யாரும் உங்களுக்கு வட்டி கட்ட வரமாட்டார்கள்.

டாக்டர், சி.ஏ. பற்றியெல்லாம் காரைக்குடியே சொல்லும், விடுங்கள். கொல்லிமலையில் பொறுக்கி வந்த இரண்டு மூங்கில் உறைகளை, அதாவது மூங்கில் முளையை மூடியிருக்கும் மேலுறைகளை, பையிலிருந்து எடுத்தாளே, ஒன்றில் கையில் குத்துகிற சுணை, இன்னொன்று வழவழப்பு, இரண்டும் ஒரே மூங்கில் இல்லை என்று அடித்துச் சொன்னாளே, எனக்கு அதைப் பற்றித்தான் பேச வேண்டும். செடிகளை இனம் பிரித்துப் பெயர் வைக்கும் தாவர வகைப்பாட்டியல் என்ற துறைக்கு அந்தக் கண்தான் முதல்.

மூங்கில் புல் குடும்பம். மற்ற செடிகளைப் பெரும்பாலும் பூவை வைத்துப் பிரிப்பார்கள், ஆனால் பல மூங்கில்கள் பூப்பதே தலைமுறைக்கு ஒரு தடவைதான். மிசோரமில் காடு காடாகப் பூக்கும் மூங்கிலுக்கு ஏறக்குறைய 48 வருஷம். அதுவரை காத்திருக்க முடியுமா? அதனால் முளையை மூடியிருக்கும் உறை, அதன் சுணை, கணுவில் கிளை பிரிகிற விதம் என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைக்காட்டு மூங்கில் ஒன்று இலையுதிர் காலத்தில் இலையைக் கொட்டிவிடும். அங்குள்ள மற்ற இரண்டு மூங்கில்களுக்கு 1788லேயே பெயர் வைத்தாயிற்று, இதைத் தனி இனம் என்று எழுதியது 2006இல்தான். எழுதிய மூவரில் ஒருவர் அப்போது ஆராய்ச்சி மாணவர்.

அப்படி எழுதுவது லேசான வேலையில்லை. இணுக்கு, உறை எல்லாவற்றையும் செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்து, இடம், உயரம், நிறம் எல்லாம் அங்கேயே குறித்து (காய்ந்தால் நிறம் போய்விடும்), பழைய மாதிரிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எதில் வேறு என்று லத்தீனிலோ, 2012 முதல் ஆங்கிலத்திலோ எழுதி, ஒரு மாதிரியை மூல மாதிரியாகக் குறித்து, காய்ந்த செடி மாதிரிகளைக் காத்து வைக்கும் ஹெர்பேரியத்தில் வைக்க வேண்டும். பிற்பாடு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

சரி, காசு. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியலுக்கு நகையைத் தொடவே வேண்டாம். எம்.எஸ்சி. முடித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வாங்கிக்கொண்டே பிஎச்.டி. செய்யலாம். அப்புறம் கல்லூரி ஆசிரியர் வேலை, தாவரவியல் ஆய்வகப் பணி, இந்திய வனப்பணித் தேர்வு என்று வழி இருக்கிறது. ஆனால் நெட் கடினம், நிலையான வேலைக்குப் பத்து வருஷம்கூட ஆகலாம். 22 வயதில் சம்பளம் வந்தே ஆக வேண்டிய வீடு என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு பேசுவோம். கடன் வாங்கி அவளுக்குப் பிடிக்காததில் தள்ளுவதற்கு மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன்.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு ஒரு நாள் கூட்டிப் போங்கள், காலையில் பஸ் ஏறினால் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். அந்த இரண்டு உறைகளையும் கொண்டு போகட்டும். எந்த இடத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்று சீட்டு எழுதி இன்றைக்கே கூட வைக்கச் சொல்லுங்கள், மறந்துபோவதற்குள்.