தொட்டியைக் காலி செய்தும் கேரவன் நாறுகிறதே?

தண்டையார்பேட்டையில் நிறுத்தியிருக்கும் கேரவனில், கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்தும் நாற்றம் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பினாயிலைக் கொட்டாதீர்கள். முதலில் மோந்து பார்த்து இடத்தைப் பிடியுங்கள்.

சிங்க், ஷவர் பக்கம் என்றால், அடியில் உள்ள வளைந்த குழாயில் தண்ணீர் வற்றியிருக்கும். மே மாத வெயிலில் வண்டி சும்மா நின்றாலே வற்றிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள், சரியாகும்.

டாய்லெட் பக்கமா? கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரை மணி கழித்துப் பாருங்கள். இறங்கியிருந்தால் ரப்பர் சீல் போச்சு. இறங்கவில்லையா, கூரையில் ஏறி, தொட்டியின் நாற்றக் காற்று வெளியேறும் குழாயில் குளவிக்கூடோ குப்பையோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் என் சந்தேகமெல்லாம் தொட்டியிலிருந்து கழிவை வெளியே விடும் வால்வு மேல்தான். திறந்தே வைத்திருந்தால் தண்ணீர் ஓடிவிடும், மலம் மட்டும் அடியில் மேடு கட்டி இறுகும். அப்புறம் எத்தனை முறை காலி செய்தாலும் அது அசையாது. வால்வை மூடி, தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பி எண்ணூர் பக்கம் ஒரு சுற்று ஓட்டுங்கள். கண்டெய்னர் லாரிகள் போட்ட பள்ளங்கள் குலுக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். திரும்பி வந்து கழிவுநீர் லாரியில் உறிஞ்ச விடுங்கள், மழைநீர் வடிகாலில் விடவே கூடாது. காலியானதும் இரண்டு வாளி தண்ணீர் உள்ளே இருக்கட்டும்.