கோயிலுக்கு நாலு மணித்தியாலம், அம்மாவுக்கு இரண்டு

கேள்வி: என் தங்கச்சி லண்டனில் இருக்கிறாள். ஏழு வருடமாக ஊருக்கு வரவில்லை. இந்த டிசம்பரில் கணவன், இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூரில் கப்பல் ஏறி, பினாங்கு, திருகோணமலை, கொழும்பு, கொச்சி என்று போய் மும்பையில் இறங்கி லண்டன் திரும்புகிறாள். கப்பல் 29ஆம் திகதி காலை 8 மணிக்குத் திருகோணமலைக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படும். 31இல் கொழும்பு. அம்மா என்னோடுதான் இருக்கிறார். 79 வயது, முழங்கால் ஏலாது, சீனி வருத்தமும் உண்டு. தங்கச்சியை வான் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வருவதா, அம்மாவைத் திருகோணமலைக்குக் கொண்டுபோவதா? தங்கச்சி இரண்டாவதைத்தான் சொல்கிறாள். அன்று காலை கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் போகிற கப்பல் டூர் ஒன்றை நாலு பேருக்கும் முன்னமே புக் பண்ணிவிட்டாள், ரத்துச் செய்தால் காசு திரும்பாதாம். அது முடிந்து 1.30க்குத் துறைமுக வாசலில் சந்திக்கலாம் என்கிறாள். கப்பல் சில நேரம் துறைமுகத்தை மாற்றிவிடும் என்றும் கேள்விப்படுகிறோம். அப்படி நடந்தால் வானுக்குக் கொடுத்த காசு என்னாகும்? அவளோடு இதை அதிகம் கதைக்கவும் முடியாது. அம்மாவின் மருந்துக்கு மாதாமாதம் அவள்தான் அனுப்புகிறாள்.
– ஓர் அண்ணன், ஆரையம்பதி

பதில்: தம்பி, வான் காசுக்குப் பிறகு வருகிறேன். போகிற போக்கில் ஒரு விஷயத்தை எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள், ரத்துச் செய்தால் டூர் காசு திரும்பாது என்று. என்னால் அதைத் தாண்ட முடியவில்லை.

விமான டிக்கட்டோ ஹோட்டல் அறையோ சேர்ந்த பெரிய டூர் என்றால் காசு திரும்பாமல் போகலாம். கோயிலுக்கும் வெந்நீரூற்றுக்கும் போய் வருகிற அரைநாள் பஸ் டூர் அப்படியல்ல. அந்தத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர ஓரிரு நாள் இருக்கும் வரைக்கும், சில கம்பனிகளில் கப்பல் ஏறும் வரைக்கும், ரத்துச் செய்தால் கட்டின காசு திரும்பிவிடும். பெரும்பாலான கம்பனிகளின் வழக்கம் இதுதான். ஆகவே தங்கச்சி நிபந்தனையை வாசிக்கவில்லை. இல்லாவிட்டால், வாசித்துவிட்டும் உங்களுக்குச் சொல்ல ஒரு சாட்டு வேண்டுமென்று அதைச் சொல்லியிருக்கிறாள். இரண்டில் எது என்று அண்ணனாக நீங்கள் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

சரி, திரும்பாது என்றே வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து மும்பை வரை நாலு பேருக்குக் கப்பல் காசு கட்டினவளுக்கு, நாலு பஸ் சீற்றின் காசு பெற்ற தாயை வாசலில் காக்க வைக்கிற அளவுக்குப் பெரிதா?

எங்கே போகிறாள் என்பதையும் பாருங்கள். கோணேசர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். லண்டனில் வளர்கிற பிள்ளைகளுக்கு அந்த மலையையும் கீழே கடலையும் காட்ட ஒரு தாய் ஆசைப்படுவதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கன்னியா? இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்யத் தண்ணீர் வேண்டி ஏழு இடத்தில் நிலத்தைக் குத்தினான், அதுதான் அந்த ஏழு கிணறு என்று நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். தாய் தகப்பனுக்குக் கடன் கழிக்கச் சனம் தேடிப் போகிற இடம் அது. செத்துப்போன தாய்க்காக உண்டான கிணற்றில் உங்கள் தங்கச்சி வாளியால் அள்ளிப் பிள்ளைகளுக்கு ஊற்றிக்கொண்டு நிற்பாள். அதே நேரம் உயிரோடு இருக்கிற தாய் வாகரையடியில், முழங்காலை நீட்ட இடமில்லாத வானுக்குள் குலுங்கிக்கொண்டு வருவார். இதை அவளுக்கு அப்படியே வாசித்துக் காட்டுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

இனி நேரக் கணக்கு. கப்பல் 8 மணிக்கு வந்தாலும் 8 மணிக்கு யாரும் இறங்க மாட்டார்கள். அதிகாரிகள் ஏறிக் கடதாசிகளைப் பார்த்து விட்ட பிறகுதான் விடுவார்கள், அதிலும் கப்பல் டூர் எடுத்தவர்கள்தான் முதலில். தனியாகப் போகிறவர்கள் துறைமுக வாசலைத் தாண்ட 9 ஆகும். 5க்குப் புறப்பாடு என்றால் 4 அல்லது 4.30க்குள் திரும்ப ஏறிவிட வேண்டும். திருகோணமலையிலிருந்து மூதூர், வெருகல், வாகரை என்று வந்து மட்டக்களப்பைத் தாண்டி ஆரையம்பதிக்கு வர, மழையில்லாத நாளிலேயே மூன்று மணித்தியாலத்துக்கு மேல். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதைக்கு, அதாவது வாகனம் ஏற்றும் படகுக்கு, காத்துக் கிடந்த காலம் போய்விட்டது, உண்மைதான். ஆனாலும் டிசம்பரில் வெருகல் பக்கம் வெள்ளம் ஏறினால் பாலம் இருந்து என்ன? ஆகக் கூடினால் வீட்டில் அரை மணித்தியாலம் மிஞ்சும். அதையும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும், ஏனென்றால் தனியாக வான் பிடித்துப் போனவர்களுக்காகக் கப்பல் நிற்காது. கம்பனியின் டூர் பிந்தினால் காத்திருப்பார்கள், அல்லது அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். கப்பல் டூருக்குக் கூடக் காசு கொடுப்பது அதற்காகத்தான். ஆக, ஒரே நாளில் வீட்டுக்கு வந்து திரும்புகிற யோசனையை விட்டுவிடுங்கள்.

அவள் சொன்ன 1.30 எந்த மணிக்கூட்டின் 1.30 என்று கேட்டீர்களா? கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு. பினாங்கு நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. வழியில் கப்பல் மணிக்கூட்டை இலங்கை நேரத்துக்குச் சரியாக மாற்றினார்களா, அந்த அரை மணித்தியாலத்தை அப்படியே விட்டார்களா என்பது அன்றைய நாளுக்குக் கப்பலில் கொடுக்கும் தாளில்தான் இருக்கும். அரை மணித்தியாலம் உங்களுக்குச் சின்ன விஷயம். சீனி வருத்தக்காரி ஒருவர் மத்தியானச் சாப்பாடு இல்லாமல் வாசலில் இருக்கிற அரை மணித்தியாலம் அது.

துறைமுகம் மாறுமா என்றால், மாறும். காலநிலை, பாதுகாப்பு, இயந்திரக் கோளாறு என்று எந்தக் காரணத்துக்காகவும் ஒரு துறைமுகத்தை விடவோ மாற்றவோ தங்களுக்கு உரிமை உண்டு என்று டிக்கட் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அப்படி விட்டால் அந்தத் துறைமுகத்துக்கு வாங்கின வரியும், கம்பனியிடம் புக் பண்ணின டூரின் காசும் திரும்பும். வெளியில் நீங்கள் கட்டின எதற்கும் அவர்கள் பொறுப்பில்லை. இந்தப் பக்கம் கப்பல்கள் கூடுதலாக வருவது ஐரோப்பாவின் குளிர்காலத்தில், நமக்கோ அது வடகீழ்ப் பருவமழை. திருகோணமலைத் துறைமுகம் ஆழமானது, காற்றுக்கு மறைவானது, ஆகவே உள்ளே வந்துவிட்டால் பயமில்லை. ஆனால் வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் எழும்பினால் கப்டன் பேசாமல் கொழும்புக்கு விட்டுவிடுவார். 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட உங்கள் அம்மாவிடம் மார்கழிக் கடலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், சொல்லுவார். அவரிடம் நீங்கள் எதையாவது கேட்டதாகக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. அண்ணனும் தங்கச்சியும் அவரை எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்று மட்டும் கதைத்திருக்கிறீர்கள்.

ஏழு வருடத்துக்குப் பிறகு தாயைப் பார்க்க வருகிற மகள் வீட்டுக்கு வர வேண்டும். அம்மாவின் குசினியில் சாப்பிட்டு, ஓர் இரவாவது அந்த வீட்டில் படுத்தெழும்ப வேண்டும். நான் பழைய ஆள், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவள் எடுத்திருக்கிற பயணத்திலேயே அதற்கு வழியும் இருக்கிறது. 29இல் திருகோணமலையில் இறங்கி, 31இல் கொழும்பில் திரும்ப ஏற அனுமதி கேட்கலாம். நடுவில் இறங்கிப் பிறகு ஏறுகிறவர்களைப் பல கம்பனிகள் விடுவதுண்டு, முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். குடிவரவுக்காரரும் சம்மதிக்க வேண்டும். லண்டன் பாஸ்போட் என்றால் சுற்றுலா விசாவை முறையாக எடுத்திருக்க வேண்டும், பாஸ்போட்டைக் கையோடு கொண்டு இறங்க வேண்டும். 30ஆம் திகதி இரவு பஸ்ஸோ வானோ பிடித்தால் விடியக் கொழும்பு. ஓர் இரவும் ஒன்றரைப் பகலும் அம்மாவோடு.

கம்பனி மறுத்தால், மும்பையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இரண்டரை மணித்தியாலம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்குகிறது என்றால் கணவன் அவர்களைக் கூட்டிக்கொண்டு லண்டன் போகட்டும், அவள் தனியே வந்து ஒரு கிழமை நின்றுவிட்டுப் போகட்டும். டிக்கட் மாற்றக் காசு போகும்தான். போகட்டும்.

இரண்டுக்கும் மாட்டேன் என்றால் மட்டும் திருகோணமலை. அப்போதும் டூரை ரத்துச் செய்துவிட வேண்டும், 9இலிருந்து 4 வரைக்கும் அம்மாவோடு இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கோயில் காட்டுவதென்றால் அம்மம்மாவோடு போய்க் காட்டட்டும், முழங்கால் ஏலாதவர் ஏறக்கூடிய மட்டும் போய் ஒரு நிழலில் இருக்கலாம். அம்மாவை முதல்நாள் பகலே கூட்டிப்போய், நகரத்துக்குள் கீழ்மாடி அறை ஒன்று எடுத்து, இரவு நித்திரை கொள்ள விடுங்கள். வாசலில் சந்திக்கிற கதை வேண்டாம், அவள் அறைக்கு வரட்டும்.

வான் காசைக் கேட்டீர்கள். ஊர் வான்காரரிடம், கப்பல் வராவிட்டால் பயணம் இல்லை என்று முதலே பேசிக்கொள்ளுங்கள், முற்பணம் கொடுக்க வேண்டாம். அறையையும் கடைசி நாள் வரை ரத்துச் செய்யக்கூடியதாக எடுங்கள். கப்பல் எங்கே நிற்கிறது என்பதை கப்பல்கள் இருக்கும் இடத்தைக் காட்டுகிற மரின் டிராபிக் என்ற இணையத்தளத்தில் போனிலேயே பார்க்கலாம். 28ஆம் திகதி காலை அதைப் பார்த்து, தங்கச்சியோடும் கதைத்துவிட்டு அம்மாவை ஏற்றுங்கள்.

மருந்துக் காசு அனுப்புகிறாள் என்று பயப்படுகிறீர்கள். அது மகள் தாய்க்குச் செய்கிற கடமை. உங்கள் வாய்க்குப் போட்ட பூட்டு என்று நீங்களாக நினைத்துக்கொண்டால் அவள் என்ன செய்வாள்? அம்மாவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் நீங்களும் உங்கள் மனைவியும். கேட்கிற உரிமை உங்களுக்குக் காசு அனுப்புகிறவளைவிடக் குறைந்ததல்ல. கேட்காமல் விட்டு, பிறகு அவளைப் பற்றி ஊருக்குள் குறை சொல்லித் திரிவீர்கள் என்றால் பிழை உங்களுடையது.

இடையில் இறங்கி ஏறுகிற அனுமதிக்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். ஆகவே இந்தக் கிழமையே போன் எடுங்கள். டூரை எந்தத் திகதி வரை ரத்துச் செய்யலாம், திருகோணமலையில் இறங்கிக் கொழும்பில் ஏறலாமா, கப்பல் திருகோணமலையை விட்டுவிட்டால் கொழும்பிலேயே பயணத்தை முடித்து இறங்கலாமா என்று மூன்றையும் அவள் கம்பனிக்கு எழுதிக் கேட்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கி உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.